படத்தில் ஓடி வந்தவன்

அன்று என் மனைவி மூன்று முறை ஃபோன் செய்தாள். மூன்றாவது முறை திரையில் அவள் பெயரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லக் காரணம், அந்தக் குறும்படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பதினான்கு நிமிடப் படம். கர்ப்பிணி மனைவி ஃபோன் செய்கிறாள். வயலில் நிற்கும் கணவன் மடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, வரப்பில் விழுந்து எழுந்து ஓடி வருகிறான். அப்படியும் குழந்தை தங்கவில்லை. கதை எழுதியவர் என்று என் பெயர் வரும். அதைப் பார்த்து நீங்கள் அழுதிருந்தால்... அந்தக் கண்ணீர் எனக்கு உரியதன்று.

நடந்தது இதுதான். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் குத்தகை நிலம். வாய்க்காலின் கடைசி வயல்கள். அந்த வருடம் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை. நட்டுப் பத்து நாளான பயிர் வாடிக் கிடந்தது. ஆள் நிற்காவிட்டால் மேல் வயல்காரர் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அடுத்த முறைக்கு எட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

சுகந்திக்கு எட்டாவது மாதம். வளைகாப்பை ஒன்பதில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம். அதனால் அவள் இன்னும் தாய்வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஒன்பது மணிக்கு முதல் ஃபோன்.

"காலைலேர்ந்து புள்ள அசையவே இல்லங்க."

"தூங்கும். சாப்புட்டுட்டு எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. தண்ணி பாஞ்ச ஒடனே வந்துடறேன்."

பதினொரு மணிக்கு மறுபடியும்.

"பயமா இருக்குங்க. ஆட்டோ வச்சுப் போயிடட்டுமா?"

"தனியா போவாத. அதான் நான் வர்றேன்ல."

அவள் போகவில்லை. நான் சொன்னதைக் கேட்டாள்.

மூன்றாவது முறை அடித்தபோது எனக்கு என்ன வந்தது தெரியுமா? எரிச்சல். இன்னும் இரண்டு வயல் நனைய வேண்டியிருந்தது. பாலித்தீன் பைக்குள் ஃபோன் அடித்து ஓயும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

இரண்டரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். சுகந்தி புடவை மாற்றி, மருத்துவமனை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வயலில் சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் இல்லாத ஃபோனுக்கு முழுதாக மணி போகாது என்று அவளுக்குத் தெரியாதா?

ஸ்கேன் எடுத்துவிட்டு மருத்துவர் கேட்டார்: "எப்பலேர்ந்து அசைவு இல்ல?"

அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "மத்தியானத்துலேர்ந்துதான் மேடம்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பொய் இன்றும் எங்கள் பீரோவில், அவளுடைய ஃபைலில் இருக்கிறது.

மறுநாள் பிறந்தது பெண். உயிர் இல்லை. துண்டில் சுற்றிக் கொடுத்ததை ஆற்றங்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தேன். முகத்தை அவளுக்குக் காட்டினார்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

முன்னமே போயிருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. மருத்துவரைக் கேட்டிருக்கலாம்... கேட்டால் மத்தியானம் என்று சொன்னது பொய் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே கேட்கவில்லை. பயிர் மட்டும் அந்த வருடம் நன்றாகவே விளைந்தது.

இரண்டு வருடம் கழித்து, கல்யாண வீடியோ எடுக்கும் என் நண்பன் பிரபு குறும்படத்துக்குக் கதை கேட்டான். எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதச் சொன்னான். எழுதினேன். ஃபோன் அடிக்கும் இடம் வந்ததும் கதையில் வரும் கணவனை ஓட விட்டேன். கை கூசவில்லை. சொல்லப்போனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

திருவாரூரில் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுகந்தி என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது வண்டியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"அவரு மொத ஃபோனுக்கே வந்துட்டாருல்ல."

"படந்தான..." என்றேன்.

"ஆமா" என்றாள். அவள் திட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

இப்போது அவளுக்கு மறுபடியும் ஆறாவது மாதம். போன வாரம் எங்களுக்கு முறைத் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தேன். அது அடிக்கவே இல்லை. நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் ஆட்டோவிலிருந்து சுகந்தி இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஃபைல்.

"காலைல கொஞ்ச நேரம் அசையல. போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். நல்லாருக்காம்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணிருக்கலாம்ல?"

"தண்ணி பாயுற நேரம்ல" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.