நளினி வெட்டிய வாய்க்கால்

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை, அதிகாலை நான்கு மணிக்கு கிழக்கு லண்டனில் எங்கள் செவன் கிங்ஸ் வீட்டிலிருந்து புறப்பட்டோம். டோவர் துறைமுகம் எழுபத்தைந்து மைல். கப்பலால் இறங்கியபின் பிரான்ஸை மேலிருந்து கீழ்வரை ஓடிக் கடக்க வேண்டும். தெற்கே பெர்ப்பினியோன் நகருக்கு அருகே, கடலோரப் பைன் தோப்பொன்றில் கூடாரம் அடிக்க இடம் பதிந்திருந்தேன். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு யூரோ. அந்தக் காசுக்கு ஹோட்டல்காரன் வாசற்படியில் உட்காரத்தான் விடுவான்.

என் மனைவி நளினி ஒரு நிபந்தனையோடுதான் எங்கள் வான் வண்டியில் ஏறினாள். ஊரில் போரால் இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு மாரி முழுவதும் கூடாரத்தில் கிடந்தவள் அவள்.

"ரெண்டு இரவு பாப்பன். நித்திரை வரேல்லை எண்டால் வீட்டை திரும்பிறது. சரியோ?"

"ஓம்" என்றேன். லண்டனுக்கு வந்தபின் எங்களுக்கு வாய்த்த முதல் விடுமுறை அது.

தெற்கே போகப் போக வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. மைல் கணக்கில் சூரியகாந்தி. பத்து வயது மகள் ஆரணி பின்சீற்றில் தூங்கினாள். வீதியோரத் தரிப்பிடத்தில் வானுக்குள்ளேயே இரவைக் கழித்தோம்.

சனி, பிற்பகல் இரண்டு மணி. தோப்புக்குள் நுழைந்ததும் பிசின் வாசனையும் சில்வண்டுச் சத்தமும் எங்களை மூடிக்கொண்டன. நான் கூடாரத்தை நிமிர்த்தி முடித்துத் திரும்பினால், நளினி குந்தியிருந்து ஆரணியின் பிளாஸ்டிக் மண்வாரியால் நிலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால்.

"அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். மழைத் தண்ணி உள்ளை வராது."

வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. கூடாரத் திடலைப் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சுக்கார அம்மா விறுவிறுவென்று வந்து, புல்லைத் தோண்டக்கூடாது என்று சத்தம் போட்டார். நான் லண்டனுக்கு வருமுன் பாரிஸ் உணவகச் சமையலறையில் ஆறு வருடம் நின்றவன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க வெங்காயமும் வசவும்தான். அதை வைத்துக்கொண்டே, இது இல்லாமல் இவளுக்கு நித்திரை வராது என்று சொன்னேன். அவர் நளினியின் கையிலிருந்த மண்வாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகும்போது மூடிவிட்டுப் போங்கள் என்று சொல்லி நடந்தார். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தும், மலிவு என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் யோசிக்காமல் இவளைக் கூட்டிவந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிரவு அவள் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தாள். எழுந்து ஓட வேண்டி வந்தால் என்ற பழைய பழக்கம். விடிய அவள் கண் சிவந்திருந்தது.

"இன்னும் ஒரு இரவுதான்" என்றாள்.

ஞாயிறு, மூன்று மணி. அந்த நாட்டில் மதியச் சாப்பாட்டின் பின் ஊரே படுத்துவிடுகிறது. பந்து விளையாடிய பிள்ளைகளைக்கூடக் காணவில்லை. நிழல்கள் கூடாரத் துணியில் மெல்ல நீந்தின. "சும்மா சரியிறன்" என்று நளினி படுக்க உள்ளே போனாள். நானும் ஆரணியும் வாசலில் பேச்சு மூச்சில்லாமல் காவல் இருந்தோம். சப்பாத்தோடுதான், ஆனால் ஆறரை மணிவரை தூங்கினாள்.

"எழுப்பியிருக்கலாமே?"

"நீர் குறட்டை விட்டதைக் கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள்."

சிரித்தாள். திரும்பிப் போகிற பேச்சை அதன்பின் அவள் எடுக்கவில்லை. ஏழு இரவுகள் இருந்தோம். எல்லா இரவும் சப்பாத்தோடு. ஒரு துளி மழை இல்லை. கடைசிக் காலை அவளே வாய்க்காலை மூடி, மிதித்து, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

திங்கள், செவன் கிங்ஸ். பனியில் நனைந்த கூடாரத்தை உலரவிடப் பின்வளவில் அடித்திருந்தேன். வேலைக்குப் போய்ப் பின்னேரம் நான்கு மணிக்கு வந்தால், லண்டன் வானம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. மடித்துவிடலாம் என்று தூறலுக்குள் ஓடினேன்.

சுற்றிவர வாய்க்கால் எதுவும் இல்லை. வாசலில் நளினியின் சப்பாத்து இரண்டும் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே அவள் வெறுங்காலோடு நல்ல நித்திரை. சப்பாத்துகளை மெல்ல உள்ளே எடுத்துவைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்தேன்.