கூப்பிட்டால்தான் மேடை

சனிக்கிழமை காலை நெவார்க்கில் விமானம் ஏறும்போதே எனக்குக் கவலை தொற்றிக்கொண்டது. பயணம் ஒன்றும் புதிதில்லை. நான் இருக்கும் பார்சிப்பனியிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஹூஸ்டனுக்குப் பறந்து, அதன் புறநகரான கேட்டியில் இருக்கும் தம்பி வீட்டில் தங்கிவிட்டு வருகிறவள்தான் நான். இந்தத் தடவை அவன் மனைவி வித்யா கூப்பிட்டதால் போனேன். "அக்கா, இவர் சரியா சாப்பிடறதில்ல, வயலினைத் தொடறதே இல்ல. ஞாயித்துக்கிழமை எனக்கு ஹாஸ்பிடல்ல டியூட்டி. நீங்களாவது அவர்கூட, அவர் வாசிச்ச அந்த டான்ஸ் ஹாலுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். நான்கு மணி நேரமும் விமானத்தில் நான் கண்ணை மூடவில்லை.

தம்பி செந்தில் பைப்லைன் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். நாற்பத்தெட்டு வயது. திருச்சியில் பள்ளிக்கூட நாட்கள் முழுவதும் கர்நாடக வயலின் கற்றவன், ஆறு வருடமாக டெக்ஸாஸில் ஹாங்கி-டாங்க் குழு ஒன்றில் ஃபிடில் வாசிக்கிறான். ஃபிடில் என்பது நம் வயலின்தான், இங்கே நின்றுகொண்டு வாசிக்கிறார்கள். ஹாங்கி-டாங்க் என்பது ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்றே பாடப்படும் பழைய கன்ட்ரி பாட்டு. கேட்டவரையில் பாதிப் பாட்டு விட்டுப்போனவளைப் பற்றி, மீதி அதனால் குடித்த குடியைப் பற்றி.

குழுவின் தலைவர் டேல். எழுபதைத் தாண்டியவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டும் கிடாரும் அவருடையது. பொங்கலன்று செந்தில் வீட்டுக்கு வந்து சாம்பாரை டம்ளரில் வாங்கிக் குடிக்கிற மனிதர். எங்கள் அப்பா இறந்த அன்று செந்திலை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போய், செக்யூரிட்டி வாசல்வரை பெட்டியைத் தூக்கிவந்தவரும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கும் இவனுக்கும் போன மாதம் முறிந்துவிட்டது. டேலுக்குத் தொண்டையில் ஒரு ஆபரேஷன் நடந்திருந்தது. அதன்பிறகு மேல் ஸ்வரத்தில் குரல் உடைகிறது. ஒரு பாட்டில் அப்படி உடைந்தபோது, செந்தில் அந்த வரியை வயலினில் எடுத்து வாசித்து மூடிவிட்டான். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரை நிழல் மாதிரி தொடரத்தான் வேண்டும். அவர் தடுமாறினால் தாங்க வேண்டும், தாங்காவிட்டால்தான் குற்றம். இங்கே விதி நேர் எதிர். பாடகர் வாயில் சொல் இருக்கும்வரை மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடம்தான் இவர்களுடைய இடம். அன்று ஜனங்கள் வயலினுக்குக் கைதட்டினார்கள். டேல் பாட்டை நிறுத்தி மைக்கிலேயே, "இதை நான் பாடட்டுமா, நீ பாடறியா?" என்று கேட்டாராம். அதோடு சரி. பிறகு ஒரு ஃபோன்கூட இல்லை.

ஞாயிறு பதினோரு மணிக்குக் கேட்டியிலிருந்து கிளம்பினோம். ஐ-10 ஃப்ரீவேயில் மேற்கே ஐம்பது மைல் சொச்சம். செப்டம்பர் மாதம், ஆனாலும் வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் லாரி உறுமிக்கொண்டு போக, நான் பிரேக்கே இல்லாத என் பக்கத்தில் காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டேல் உன்னை மேடைக்குக் கூப்பிடுவாராடா?"

"தெரியாதுக்கா."

"கூப்பிடலேன்னா?"

"பாட்டைக் கேட்டுட்டு வந்துடுவோம். அப்புறம் நான் அங்க போக மாட்டேன்."

"நீயே போய் ஒரு சாரி சொல்லிடேன்."

"எதுக்கு சாரி? நான் ஹெல்ப்தானே பண்ணேன்?"

கொலம்பஸ் ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே போனோம். ஓக் மரங்களுக்குள் தகரக் கூரை போட்ட பெரிய மரக் கொட்டகை தெரிந்தது. அதுதான் டான்ஸ் ஹால். நிழலெல்லாம் முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டது. எங்கள் காருக்கு நல்ல வெட்டவெளிதான் கிடைத்தது. நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பன்னிரண்டு டாலர்.

செந்தில் கையை வீசிக்கொண்டு இறங்கினான்.

"வயலின்?"

"அது கார்ல இருக்கட்டும். கூப்பிட்டாதான் எடுக்கணும். அவங்க வழக்கம் அது."

உள்ளே ஏசி கிடையாது, மின்விசிறிகள்தான். தேய்ந்து பளபளக்கும் மரத்தரை. வந்திருந்த முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள், இஸ்திரி போட்ட சட்டையும் பூட்ஸுமாக. மேடையிலிருந்து ஒரு அம்மாள் இறங்கிவந்து செந்திலைக் கட்டிக்கொண்டார். ரூபி. மேஜை மாதிரி முன்னால் வைத்து, உட்கார்ந்து மீட்டுகிற ஸ்டீல் கிடார் அவருடையது. செந்திலுக்கு இந்தச் சங்கீதத்தில் எங்கே வாசிக்கலாம், எங்கே கூடாது என்று ஆறு வருடமாகத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவர்.

"ஃபிடில் எங்கே?"

"கார்ல."

"நல்லது. அவர் கண்ணுல படற மாதிரி உட்கார். அவ்வளவுதான் நீ பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டு ஆரம்பித்தது. டேல் எங்களைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி என்னை ஆடக் கூப்பிட்டார். முட்டி வலி என்றேன். "இங்கே எல்லாருக்கும் முட்டி வலிதான் மேடம், அதனாலதான் மெதுவான பாட்டா பாடறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நினைப்பெல்லாம் அந்தக் காருக்குள் இருந்தது. பக்கத்தில் செந்தில், டேல் ஒவ்வொரு பாட்டு முடிக்கும்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்தது தொடங்கியதும் தளர்ந்துகொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயது ஆளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் பாட்டில் எடுத்துவருவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனேன். வயலின் பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. வயலினில் ஒட்டு விட்டுப்போனால் யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் அதைத் தரையில் வைத்தால்கூட அம்மா திட்டுவாள். தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். எங்கள் மேஜையில் பீர் சிந்திக் கிடந்தது. வாத்தியம் இருக்க வேண்டிய இடம் மேடைதானே என்று, ரூபி பக்கத்தில் மேடை ஓரமாகப் பத்திரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது.

ரூபி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டேல் பாடிக்கொண்டே குனிந்து பெட்டியைப் பார்த்தார். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள்.

"அக்கா, அதை யாரு அங்க வெச்சது?"

"நான்தான்டா. வெயில்ல..."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "இத்தனை பேர் முன்னாடி இனிமே அவரால கூப்பிடாம இருக்க முடியுமா? கழுத்துல கத்தி வெச்ச மாதிரி ஆச்சு. இப்ப கூப்பிட்டாலும் அது கூப்பிட்டதாக்கா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடித்துவிட்டேன். எழுந்து போய் எடுத்துவிடலாம் என்றால் பாட்டு நடக்கிறது.

பாட்டு முடிந்து இடைவேளை விட்டார்கள். டேல் கிடாரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கினார். ஆட்டத் தரையைக் கடந்து நேராக எங்கள் மேஜைக்கு வந்து, தன் கைக்குட்டையால் பீரைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தார். நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் குழற, "நான்தான் வைத்தேன், இவனுக்குத் தெரியாது, கார் அடுப்பு மாதிரி இருந்தது" என்றேன்.

"கார்ல விட்டிருந்தா கெட்டுப்போயிருக்கும். சரியாத்தான் பண்ணீங்க, மேடம். ஆனா மேடை என்னுது" என்றார். பேசும்போதே குரல் கரகரத்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டேல், அன்னிக்கு உங்க குரல்..." என்று செந்தில் ஆரம்பித்தான்.

"உடையுது. எனக்குத் தெரியும். அதோ உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கும் தெரியும். வாராவாரம் என்னைக் கேட்கறவங்க. உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகட்டும், அது என் குரல். அதை நீ மூடினா, பிணத்துக்குத் துணி போர்த்தற மாதிரி இருக்குப்பா."

செந்தில் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான். அப்புறம், "சாரி, டேல்" என்றான். காரில் நான் சொன்னபோது சொல்ல மாட்டேன் என்றவன்.

டேல் எழுந்தார். மேடையிலிருந்து பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தபின்தான் அவர் கூப்பிட்டார். "அடுத்த செட்டுக்கு வா. என் வார்த்தை மேல ஏறாதே."

இடைவேளைக்குப் பிந்தைய அந்த இரண்டாவது செட்டில் செந்தில் ரூபிக்குப் பக்கத்தில் நின்றான். இடைவெளிகளில் மட்டும் வாசித்தான். எனக்குப் படபடப்பு அடங்கவில்லை, அதிகமானது. மெதுவான பாட்டு ஒன்று வந்தது. வரி மேலே ஏற ஏற, உடையப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. உடைந்தது. செந்திலின் வில் தானாக மேலே எழுந்தது. நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். வில் தந்தியைத் தொடாமல் நின்றது. மெல்ல இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டது. கொட்டகையில் பூட்ஸ்கள் மரத்தில் உரசும் சத்தம் மட்டும். டேல் ஒரு முறை எச்சில் விழுங்கி, மிச்ச வரியைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி முடித்தார். ஆடியவர்கள் யாரும் கால் தப்பவில்லை. அவர் மூச்சு வாங்கிச் செந்தில் பக்கம் தலையசைத்தபிறகே வயலின் வந்தது.

நம் சபாக்களில் பாடகரை அந்த இடத்தில் தனியாக விட்ட பக்கவாத்தியக்காரரைக் கேன்டீனில் வைத்துக் கிழித்திருப்பார்கள். நானே கிழித்திருப்பேன். விழப்போகிறவரை ஓடிப்போய்ப் பிடிப்பதுதான் பாசம் என்று வளர்ந்தவள் நான். என் தம்பி பிடிக்காமல் நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தபின் டேல் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "அடுத்த ஞாயிறு ஒரு மணிக்கு வந்துடு" என்றார். செந்தில் சரி என்றான்.

காருக்கு வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினான். "நீ ஓட்டுக்கா. கை வலிக்குது."

"ஒரு செட்டுதானேடா வாசிச்ச?"

"வாசிச்சதுல இல்லக்கா. அந்த ஒரு வரிக்கு வாசிக்காம நின்னேனே, அதுல."