ரோட்டைப் பார்த்த ஸ்பீக்கர்

விருத்தாசலத்தில் சி.டி. கடை வைத்திருந்த பாய்க்கு மருதாணித் தாடி. புதுப் பாட்டு எதையும் அவர் உட்கார்ந்து கேட்டதில்லை. ஸ்பீக்கரை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, போகிறவர்களின் முகத்தையே பார்ப்பார். எங்கள் ராக் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தையும் அப்படித்தான் போட்டார். நான் கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். பீங்கான் கம்பெனியில் ஷிப்டு முடிந்து, சட்டையெல்லாம் வெள்ளை மண்ணோடு ஆட்கள் சைக்கிளில் போனார்கள். ஒருவர்கூட பெடலை நிறுத்தவில்லை.

எதிரே இருந்த ஆட்டோக்காரர் கத்தினார்: "என்னா பாய் எரைச்சல் இது? இந்தப் பசங்களோட மொத சிடியப் போடுங்க!"

"எடுத்துடுங்க பாய்," என்றேன்.

அவர் சவுண்டைக் கூட்டினார்.

"மொத சிடியப் போட்டப்பவும் இவருதான் தம்பி நிறுத்தச் சொன்னாரு."

பாய்க்கு எங்கள் பாட்டு பிடித்ததா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.