வலது பின்னங்கால்

எங்கள் அருங்காட்சியகத்தில் ஊசியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். செத்த பூச்சிகளின் முதுகில் ஊசி குத்தி, கால்களை ஒழுங்காகப் பரப்பி, காயவைத்துப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகத் தினக்கூலி. கணவர் தையல்காரர். "ஒரே வீட்ல ரெண்டு ஊசி, குத்திக்காம இருக்க முடியுமா?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் அடுத்த அறையில் தட்டச்சு செய்கிறவள்.

அந்த வாரம் அக்காவை நிரந்தரமாக்கும் கோப்பு எங்கள் பிரிவுத் தலைவரின் மேசைக்கு வந்திருந்தது. சார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமையோடு அவர் ஓய்வு பெறுகிறார்; அவர் இடத்துக்கு ஆள் வர மாதக்கணக்காகும். அக்காவுக்கு அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. அதற்குமேல் நிரந்தரம் கிடையாது என்பது விதி. இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை.

சாருக்கோ கோப்பைப் பார்க்க நேரமில்லை. பழைய பெட்டியொன்றில் ஒரு குயில் தேனீயைக் கண்டெடுத்திருந்தார். இந்தத் தேனீ கூடு கட்டாது, மகரந்தமும் சேர்க்காது. இன்னொரு தேனீயின் கூட்டில் நைசாக நுழைந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். நோகாமல் நுங்கு தின்னும் பேர்வழி. கறுத்த உடம்பு, வயிற்றில் வரிசையாக நீலப் புள்ளிகள், முதுகின் பின்விளிம்பில் கடித்துவைத்த மாதிரி ஒரு பள்ளம். காலில் மகரந்தம் அள்ளும் மயிர்க்கற்றை மட்டும் இருக்காது. சாரின் தேனீக்கு எல்லாம் பொருந்தியது, ஆனால் வலது பின்னங்காலில் மயிர் அடர்ந்து கிடந்தது. இடது பின்னங்கால் எப்போதோ போய்விட்டது. இது உலகம் அறியாத புது இனம் என்று சார் முடிவுகட்டிவிட்டார். பதினொரு பக்கக் கட்டுரையை நான்தான் தட்டச்சு செய்தேன். வியாழன் மாலை நான்கு மணிக்கு ஆய்விதழுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அன்று காலை, படம் எடுப்பதற்காக அக்கா அந்தத் தேனீயை உருப்பெருக்கியில் வைத்தாள். சிறிது நேரத்தில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கால் அதோடது இல்லடி. நான் ஒட்டினது."

காய்ந்த பூச்சியின் கால் தொட்டாலே உதிரும். உதிர்ந்ததைப் பசை வைத்து அதே இடத்தில் ஒட்டுவது அவளுக்கு அன்றாட வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், குயில் தேனீயையும் அது ஏமாற்றும் மகரந்தத் தேனீயையும் ஒரே மண்சுவரில் பிடித்து ஒரே டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்தபோது கால்கள் அடியில் கலந்து கிடந்தன.

"உனக்கெப்படி இவ்வளவு நிச்சயமா தெரியும்?"

"மூட்டுல மஞ்சளா பசை நிக்குது. அந்தப் பசையை ஒரே வருஷந்தான் வாங்கினோம். அன்னைக்கு அவசரத்துல மயிரைப் பாக்காம விட்டுட்டேன், பாவி."

கணவருக்குத் தொலைபேசினாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? கையெழுத்து விழட்டும். அப்புறம் சொல்லு."

"அதுக்குள்ள அனுப்பிடுவாருங்க."

"அனுப்பட்டுமே! நீயா அனுப்புற?"

உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். அவள் தன் மேசைக்குப் போனாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன்: ஒரு வண்டுக்கு ஊசி குத்தினாள், கோணலாகப் போயிற்று, பிடுங்கி மறுபடி குத்தினாள், மறுபடியும் கோணல். மணி இரண்டானது. மூன்றானது.

நாலடிக்கப் பத்து நிமிடம். சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "அனுப்பிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க சார்." வாசலில் அக்கா நின்றாள். ஒரு கையில் தேனீ, இன்னொரு கையில் தூரிகையும் தண்ணீர்க் கிண்ணமும். விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். ஒரு காலைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"அதான் தண்ணி கொண்டுவந்தேன் சார். நம்ம பசை தண்ணியில கரையும். ரெண்டு நிமிஷம்."

தூரிகை நுனியால் மூட்டில் ஒரு சொட்டு வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. சார் நிமிர்ந்து மூச்சு விட்டார். அக்கா இன்னொரு சொட்டு வைத்தாள். கால் மெல்லச் சாய்ந்தது, நழுவியது, வெள்ளைத் தாளில் விழுந்தது. நான் தட்டுகிற கமா அளவுகூட இல்லை அது.

சார் உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் அறைக்குப் போய் அக்காவின் கோப்பை எடுத்துவந்து என் மேசையில் விரித்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"இவளுக்கு மட்டுந்தான்."

என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"பழையபடி ஒட்டிடுங்க ஊசிம்மா. நான் இதுல கையெழுத்துப் போட்டுடறேன்." பேனா மூடியைக் கழற்றினார்.

அக்கா தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். சரியென்று சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"தெரியாம ஒட்டினது தப்பு சார். தெரிஞ்சே ஒட்டினா அதுக்குப் பேரு வேற."

சார் பேனாவை மூடினார். கட்டுரை போகவில்லை. மறுநாள் அவர் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினார். கோப்பில் கையெழுத்து இல்லை.

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. சாரைத் திட்ட முடியாததால் அவளைத் திட்டினேன். "உனக்குப் பிழைக்கவே தெரியாதுக்கா!" அவள் நிமிரவில்லை. எறும்பு எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் அப்படியொரு சீட்டு இருக்கும்: பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், இனம் கண்டவர் பெயர். ஊசி குத்தியவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் கைவழியாக எத்தனையோ ஆயிரம் பூச்சிகள் போய்விட்டன, ஒன்றிலும் அவள் பெயர் இல்லை.

"வலது பின்னங்கால் இதனுடையது அல்ல. தவறாக ஒட்டியவர்" என்று எழுதி, கீழே தன் முழுப்பெயரை எழுதியிருந்தாள்.

"தப்பில்லாம இருக்கான்னு பாரு" என்று என்னிடம் நீட்டினாள்.

சரியாக இருக்கிறது என்றேன். கண் நிறைந்திருந்ததில் எனக்கு ஓரெழுத்தும் தெரியவில்லை.