மகிழமா, பாலையா?

ஒரே ஒரு மலையாம், அந்த மலைமேல் ஒரே ஒரு நர்சரியாம், அந்த நர்சரியில் சாகப்போகிற செடிக்குத்தான் கிராக்கியாம்.

கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? நான்கு வருஷமாக அந்தக் கதைக்குள்தான் எனக்கு வேலை. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற ரோட்டில் எங்கள் நர்சரி. வெயிலூரிலிருந்து ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் குளிரூர்ச் செடியைத்தான் கேட்பார்கள். கொத்துக் கொத்தாக நீலமாய்ப் பூக்கிற ஹைட்ராஞ்சியா, கிறிஸ்துமஸ் மரம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வீட்டு வாசலில் வைத்த மூன்றாம் வாரம் அது கருகிவிடும்.

கீழே போய்ப் பிழைக்கக்கூடியவை எங்களிடம் இரண்டே இரண்டு இருந்தன: மகிழமும் பாலையும். இரண்டும் வருஷம் பூராவும் பச்சையாக நிற்கும், தண்ணீருக்கு அழாது, மெதுவாகத்தான் வளரும். ஓனரைக் கெஞ்சி விதை போட்டது நான். வரிசைக்கு முப்பது பை. மூன்று வருஷமாகியும் ஒன்றுகூட விலைபோகவில்லை. இந்த வருஷம் ஓனர் சொல்லிவிட்டார்: "கோடை விழா முடியறதுக்குள்ள அந்த வரிசை ரெண்டும் காலியாகோணும். இல்லாட்டி காரு நிறுத்த எடம் பண்ணிருவேன். நீயும் வேற வேலை பாத்துக்க."

கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆவணிக்குள் நிழல்

சேலத்தில் புதுவீடு கட்டுகிறவர் ஒருவர், மனைவியோடு வந்தார். வாசலுக்கு ஒரு மரம் வேண்டும், இரண்டில் எது நல்லது என்று கேட்டார். அப்படிக் கேட்கிற ஆள் கிடைப்பதே அபூர்வம். எனக்குச் சத்தமாகப் பேச வராது. பக்கத்தில் போய் நின்று நிதானமாகச் சொன்னேன். மகிழம் குடை மாதிரி கவிந்து நிழல் கொடுக்கும், பூ வாடினாலும் வாசம் போகாது, ஆனால் பூ பார்க்க ஏழெட்டு வருஷம் பொறுக்க வேண்டும். பாலை அதைவிட மெதுவு. இலை தோல் மாதிரித் தடிப்பு, கட்டை இரும்பு. வேர் பிடித்துவிட்டால் அப்புறம் தண்ணீரை மறந்துவிடலாம், சின்னச் சின்ன மஞ்சள் பழத்துக்குக் குருவி வரும்.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தம்மா போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் சொல்லி முடித்து மூச்சு வாங்கினேன். அவர் மகிழத்தின் இலை ஒன்றைக் கிள்ளி முகர்ந்துவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிங்க பாப்பா, ஆவணியில கிரகப்பிரவேசம். அதுக்குள்ள நெழலு குடுக்கிற மாதிரி ஒண்ணு காட்டு."

பூத்தொட்டி அம்மா

கோடை விழா தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால், ஓர் அம்மா நான்கு தொட்டி ஹைட்ராஞ்சியா எடுத்தார். கீழே இது தாங்காதுங்க, சேலத்து வெயிலில் இருபது நாளில் போய்விடும் என்று காதோடு சொன்னேன். பதிலுக்கு இந்த மகிழத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். "பூவே இல்லாத குச்சியக் காட்டறே" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். சொல்லியிருக்கிறோமே என்று எனக்கு நிம்மதி.

மூன்று வாரம் கழித்து அதே கார். நான்கு தொட்டியையும் கொண்டுவந்து என் காலடியில் வரிசையாக வைத்தார். எல்லாம் சருகு. காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினாராம், பால்கனியில் நிழலுக்கு வலை கட்டினாராம். நான் அன்றைக்கே சொன்னேனே அம்மா என்று ஆரம்பித்தேன். அதற்காகவே காத்திருந்தவர் மாதிரிப் பிடித்துக்கொண்டார். கடையில் நின்ற நான்கைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா, நீதான் சொன்னே! எடுக்கும்போதே செத்துப்போகும் செத்துப்போகும்னு சொன்னா அது எப்படி பொழைக்கும்? எல்லாம் உன் வாய் முகூர்த்தம்!"

செம்மநத்தத்துக்காரர்

வெளியூர்க்காரருக்குத்தான் அவசரம், மலைக்காரருக்குப் பொறுமை இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. செம்மநத்தத்திலிருந்து காபித் தோட்டக்காரர் ஒருவர், வேலியோரம் நட்டு மிளகுக்கொடி ஏற்ற மரம் தேடி வந்தார். மண்ணைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். கன்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். மூன்று வருஷக் கன்று முழங்கால் உயரம்தான் இருந்தது. இங்கே குளிரில் சும்மா நிற்கும், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் என்று நானே ஒத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மளமளவென்று வளர்கிற சில்வர் ஓக் கன்றில் பத்தை எடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தோளைத் தட்டினார்.

"நல்ல மரந்தான் சாமி, இல்லைங்கல. ஆனா இதுல மொளகுக்கொடி ஏறறதுக்குள்ள என்னையப் பாடையில ஏத்திருவாங்க."

பை நகர்த்துவது

எங்கள் தொழிலில் பை நகர்த்துவது என்று ஒரு வேலை உண்டு. கன்று இருக்கிற பையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் வேர் பையைப் பொத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிடும். அப்புறம் தூக்கினால் ஆணிவேர் அறுந்துவிடும், அப்படியே நட்டால் கன்று பிழைக்காது. வாங்குகிறவருக்குத் தெரியாது. அதிலும் பாலை இலை தடிப்பு, ஒரு மாதம்வரைகூடப் பச்சையாக நின்று ஏமாற்றும்.

மகிழ வரிசை முன்பக்கம். போகும்போதும் வரும்போதும் நானே நகர்த்திவிடுவேன். பாலை பின்பக்கம், அது எங்களோடு வேலை செய்கிற காளியக்கா பொறுப்பு. போன வருஷம் ஓனர் அவரை ஹைட்ராஞ்சியாவுக்குத் தண்ணீர் ஊற்ற மாற்றிவிட்டார். பாலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல, யார் வாங்கப்போகிறார்கள் என்ற சலிப்பு எனக்கும் வந்திருந்தது.

விழாவின் முதல் நாள் காலையில் தூசி தட்டலாமென்று ஒரு பாலையைத் தூக்கினேன். "டப்" என்றது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் தொடப் பயந்து நின்றேன். காளியக்கா வந்து பார்த்தார். திட்டவில்லை. இரண்டு பையையும் பழைய குழியிலேயே வைத்து, சுற்றி மண்ணைக் காலால் அழுத்திவிட்டார்.

"வேரை அறுத்து, ரெண்டு மாசம் நெழல்ல வெச்சுத் தண்ணி காட்டுனா பொழைச்சுக்கும் கண்ணு. ரெண்டு மாசத்துக்கு நீ இப்ப எங்க போவே?"

முப்பது குழி

விழாவின் கடைசி நாள், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் டெம்போவோடு வந்து இறங்கினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க ஊரு சுடுகாட்டுல ஒத்த மரம் இல்லைங்க பாப்பா. போன மாசம் தூக்கிட்டு வந்தவங்கள்லயே ரெண்டு பேரு வெயில்ல மயங்கி உழுந்துட்டாங்க. மொத வருஷம் வாரத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துவோம், அப்புறம் அதும்பாடு. எது நிக்கும்?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். மகிழத்தின் குணம், பாலையின் குணம் இரண்டையும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பூ வாசம் அங்க யாருக்கு வேணும்? கெட்டிமரம், பாலையே குடு. ஊர்ல முப்பது குழி எடுத்து வெச்சிருக்குது. நேத்து மழையில மண்ணு பதமா இருக்குது, நாளைக்குக் காலைல நட்டுருவோம்."

"மகிழத்தையே எடுத்துக்குங்களேன். நெழலு அதுலதான் நொம்ப" என்றேன். எனக்கே கேட்காத குரல். பின்னால் ஓனர் இருமினார். "அவருக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியாதா? எடுத்துக் குடும்மா" என்றார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, "பின்னாடி ஒழிஞ்சாப் போதும் எனக்கு. முன்னாடி வரிசை கெடக்கட்டும். நீயும் இருந்துக்க" என்றார்.

இரண்டு மாதம் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள் என்று ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பாலை வரிசை அப்படியே நிற்கும், என் வேலை போகும். எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்ன வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

ஒவ்வொன்றாகத் தூக்கினேன். டப். டப். அறுந்த வேரை உள்ளே தள்ளி, ஈரச் சாக்கால் அடியைச் சுற்றிக் கட்டினேன். காளியக்கா குழாயடியிலேயே நின்றுகொண்டார், கூட வந்து பிடிக்கவில்லை.

"அதென்ன பாப்பா சத்தம்?" என்றார் கண்டக்டர்.

"பை கிழியுதுங்க" என்றேன்.

முப்பதும் ஏறின. இலைகள் அத்தனை பச்சை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"இங்க ஒரு புள்ள இருக்குது, யாவாரம் கெட்டாலும் உள்ளதத்தான் சொல்லும்னு எங்கூர்ல ஒருத்தர் சொன்னாருங்க சாமி. அதான் வேறெங்கயும் விசாரிக்காம நேரா உன்கிட்ட வந்தேன்."

இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு டெம்போவைப் பார்த்து நடந்தார்.

சாகும் என்று சொல்லிக் கொடுத்த செடிகளுக்கெல்லாம் வசவு வாங்கினேன், சொல்லாமல் கொடுத்த முப்பதுக்குத்தான் கும்பிடு கிடைத்தது.