கோஸ்தான் போகாத கார்

என் காரில் பின்னால் போகும் கியர் மட்டும் செத்துவிட்டது. முன்னால் போகச் சொன்னால் சிட்டாகப் பறக்கும். பின்னால் எடுத்தால் கரகரவென்று பல்லைக் கடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டே இருக்கை உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். நான் குடியிருப்பதோ பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கே முன்னால் போவதைவிடப் பின்னால் போவதுதான் அதிகம்.

ஒருநாள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில், ஞாபகமில்லாமல் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டேன். சாப்பிட்டு வந்து ஏறி உட்கார்ந்தால் அந்த இடத்துக்காகப் பின்னால் காத்திருந்த ஒரு காய்கறி லோரி ஹார்ன் அடித்தது. "போஸ், கோஸ்தான் போஸ், கோஸ்தான்!" என்று பார்க்கிங் பார்த்துக்கொள்ளும் ஆள் கையை ஆட்டினார். காரைப் பின்னால் எடுப்பதை இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

"கோஸ்தான் இல்ல அண்ணே" என்றேன்.

"காருக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே தள்ளினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் எச்சில் கையோடு வந்து முழங்கையால் தள்ளினார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போனதும் கிள்ளானில் இருக்கும் அத்தானுக்குப் போன் போட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறார். அவரிடமும் அதே மாடல் கார் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் பைத்தியம் பிடித்து வாங்கியது. என்னுடையது ஓடிக்கொண்டே இருந்ததால் தப்பியது. அவருடையது வீட்டு வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சில் நின்று நின்றே துருப்பிடித்துவிட்டது. உட்கார்ந்து குனிந்தால் காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை தெரியும். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் தங்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே உறுமவிட்டு, அக்கா காயப்போட்ட துணிக்கெல்லாம் புகை காட்டுவார்.

"என் கியர்பாக்ஸை எடுத்துக்கோ மச்சான். இது இனிமே எங்க ஓடப்போவுது" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

போனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் அத்தான் பேசுவார். எல்லா வம்பும் அதில்தான் வரும். "கியர்பாக்ஸைக் கழட்டிட்டா அப்புறம் அது என்ன காரு?" என்று அக்காவின் குரல் கேட்டது. "பழைய இரும்பு லோரிய வரச்சொல்லிடறேன். எத்தன வருஷமா போர்ச்ச அடைச்சிக்கிட்டு நிக்குது!"

"இல்ல, இல்ல! சும்மா கழட்டிக் குடுக்கல. மாத்திக்கிறோம். அவனோடது என் காருக்கு வந்துரும். கார் ஓடும்லா!" அத்தான் பதறிப்போனார்.

"ஓடுமா? சரி. மாத்தி முடிச்சதும் அது சொந்தமா கேட்டைத் தாண்டி வெளிய வரட்டும். யாரும் தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. வந்தா இருக்கட்டும். வரலன்னா லோரிதான்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். என் கோஸ்தானுக்காக அத்தானின் கார் லோரி ஏறினால் அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவேன்? அக்காவின் மீன்கறியை நான் லேசில் விடுவதாக இல்லை.

சனிக்கிழமை காலையில் அங்கே போய், அத்தான் காருக்குப் பக்கத்திலேயே என் காரையும் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினேன். அந்தப் போர்ச்சுத் தரை வீட்டிலிருந்து கேட்டை நோக்கி நன்றாகச் சரிந்திருக்கும். கழுவிவிடும் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று அக்கா கொன்ட்ரெக்டரோடு சண்டை பிடித்துப் போட வைத்த சரிவு அது. அன்று கைதவறி விழுந்த நட்டுகள் எல்லாம் உருண்டுபோய் வாசல் சாக்கடையில் விழுந்தன. அத்தான் காரின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. பின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கலும் பொடிந்துபோயிருந்தது. அத்தான் உள்ளே போய், அக்கா மிளகாய்ச் சம்பல் இடிக்கும் கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

"ஏங்க, என் கல்லு!"

"நாளைக்குக் குடுத்துடறேன்லா."

எப்படிக் கழற்றுவது என்பதை அத்தான் வீடியோவில் பார்த்து வைத்திருந்தார். அந்த வீடியோக்காரர் கடைசிவரை ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. அதை நம்பி இறங்கியதுதான் எங்கள் தப்பு. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எண்ணெயை வடித்து, பின் சக்கரங்களுக்குப் போகும் நீண்ட தண்டைக் கழற்றுவதுவரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கியர்பாக்ஸை இன்ஜினோடு பிடித்திருக்கும் மேல் போல்ட்டுகளுக்கு வந்தபோது பேச்சு நின்றது. கண்ணால் பார்க்க முடியாது. மல்லாந்து படுத்து, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஒருவழியாக இரண்டும் இறங்கின. பழைய பேப்பரின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது எது எவருடையது என்றே தெரியவில்லை. அத்தானுக்கு மட்டும் தெரிந்தது. தன்னுடையதைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மெதுவாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, "நல்லா பார்த்துக்கோ மச்சான்" என்றார். நான் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏற்றுவது இன்னும் பெரிய பாடு. கியர்பாக்ஸ் முக்கால்வாசி உள்ளே போய், கடைசியில் ஒரு விரல் அளவு மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. நெற்றியில் எண்ணெய் வழிய, ஒருவர் தூக்க ஒருவர் ஆட்ட, என்ன ஆட்டினோமோ தெரியாது, டொக்கென்று போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் படுத்த படுக்கையிலேயே கைதட்டினோம். அத்தான் காருக்கு என்னுடையதை ஏற்றி முடிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

முதலில் என் காரை எடுத்தேன். கோஸ்தான் போட்டேன். கரகர சத்தமே இல்லை. வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு பின்னால் போய், கேட்டைத் தாண்டி, ரோட்டில் நின்றது. நான் சின்னப் பிள்ளைபோல் கத்தினேன். அத்தானும் கத்திவிட்டு, தன் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் உறுமியது. கியரில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அத்தான் கார் சுவரைப் பார்த்து நிற்கிறது. வெளியே வர ஒரே வழி கோஸ்தான். அந்தக் கோஸ்தானைத்தான் என் காருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நிபந்தனை போட்ட அன்றைக்கே இது அவளுக்குத் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. "என்னங்க, கார் வரலியா?" என்றாள்.

அத்தான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அக்காவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அக்கா, என் கியர்பாக்ஸ்தானே கெட்டது? லோரி வந்தா என் காரை ஏத்தச் சொல்லு" என்று கத்திவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தானையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்தாள். "என் கல்லக் குடுங்க. சம்பல் இடிக்கணும். பிரேக்க நல்லா மிதிச்சிக்கிங்க" என்றாள். பக்கவாட்டில் குனிந்து சக்கரத்தடியிலிருந்து கல்லை உருவி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தள்ளி நின்றாள்.

"ம், இப்ப கால எடுங்க."

அத்தான் காலை எடுத்தார். கார் மெல்ல முனகியது. நகர்ந்தது. அக்கா சண்டை பிடித்துப் போட்ட சரிவில், யாரும் தொடாமல், தானாகவே பின்னால் வழிந்துபோய்க் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது.

"நான் என் கல்லைத்தான் எடுத்தேன். காரை யாரும் தள்ளலியே?" என்றாள் அக்கா.

அத்தான் ஒன்றாம் கியரைப் போட்டு, எதிரே இருக்கும் திடலை ஒரு சுற்று சுற்றினார். திறந்த ஜன்னல் வழியாக அவர் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. ரோடு டாக்ஸ் இல்லாத கார் என்பதால் அதற்குமேல் போகவில்லை. திரும்பி வந்து பழையபடி மூக்கை உள்ளே விட்டுச் சரிவில் ஏற்றி நிறுத்தினார்.

"கல்லு!" என்று உள்ளிருந்து கத்தினார்.

அக்கா இடுப்பிலிருந்த கல்லைப் பார்த்தாள். குனிந்து, பின் சக்கரத்துக்கு நன்றாக அண்டை கொடுத்து வைத்தாள். அன்று எங்களுக்குச் சம்பல் பிளெண்டரில்தான் அரைபட்டது.