நூறாவது குதிப்புக்கு ஒரு சாட்சி

நினைவு மலர் தொகுப்பவனுக்கு இறந்தவரால் தொல்லை ஏதும் இல்லை. அவரை அறிந்தவர்கள்தாம் அவனை அலைக்கழிக்கிறார்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் திண்டிவனத்து அச்சகம் ஒன்றுக்காக இவ்வேலையைச் செய்துவருகிறேன். இதே வேலையில் அல்லலுறும் அன்பர்களுக்கு என் அனுபவம் ஆறுதலாகவேனும் அமையட்டும்.

வெற்றுக் கட்டம்

பங்குனி மாதம் ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது, இலை அசையவில்லை. அன்றுதான் சரோஜா அம்மாள் அச்சகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் ரங்கநாதன் விமானப்படையில் பாராசூட் மடிக்கும் பணியில் இருந்தவர். பணியை விட்டு வந்தபின், விளையாட்டுக்காகவே விமானத்திலிருந்து குதிக்கத் தொடங்கினார். அப்படியொரு விளையாட்டு உண்டு என்பதே எங்கள் பக்கத்தில் அப்போது எவருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு காலமான அவருக்கு முதலாண்டு நினைவு மலர் வேண்டும் என்றார் அம்மையார்.

அவர் கொண்டுவந்த குறிப்பேட்டில் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வரி: நாள், உயரம், இறங்கிய இடம், கண்டவர் கையொப்பம். தொண்ணூற்றொன்பது வரிகளில் கையொப்பம் இருந்தது. நூறாவது வரியில் ‘இறங்கிய இடம்: மல்லாட்டைக் கொல்லை’ என்று எழுதியிருந்தார். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கையொப்பக் கட்டம் வெறுமையாக இருந்தது. சாட்சி இல்லாமல் நூறு என்று அச்சிட இயலாது என்றேன். விடைத்தாளில் இரக்க மதிப்பெண் போட்டுப் பழகாத கை அல்லவா! அம்மையார் கோபப்படவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்:

“சார், அவரு இருந்த வரைக்கும் ஊர்ல ‘தொண்ணூத்தொம்போது’ன்னுதான் கூப்டாங்க. செத்தப்புறமும் நீங்க அதையே அச்சடிச்சிக் குடுக்கப் போறீங்களா?”

தேநீர்க் கடை விசாரணை

ஒலக்கூரை அடுத்த அவருடைய ஊருக்கு மறுநாளே சென்றேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நூறாவது குதிப்பைச் சொந்த ஊர் ஏரியில்தான் குதிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தாராம். வறண்ட ஏரியின் நடுவே சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு, ஊரே கரையில் கூடி நின்றிருக்கிறது. விமானம் வந்தது, மேலே குடை விரிந்தது. அதற்குப்பின் காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டு போய்ப் பனந்தோப்புக்கு அப்பால் மறைத்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கினாராம் ரங்கநாதன். எங்கே போயிருந்தார் என்று கேட்டவர்களுக்கு விடை சொல்லவில்லை.

“அவர் குதித்ததைத் தாங்கள் பார்க்கவில்லையா?” என்று ஊர்த் தேநீர்க் கடையில் இருந்த பெரியவரைக் கேட்டேன். கடை முழுவதும் சிரித்தது. அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“துணிதான் சார் தெரிஞ்சிது, ஆளு எங்க தெரிஞ்சான்? மேலேர்ந்து பொம்மையப் போட்டுட்டு, கீழ பஸ்ல வந்துக்கினு இருந்தான் உங்க ஆளு!”

கையொப்பமிட மறுத்த நடுவர்

அன்று ஏரியில் நடுவராக நின்றவர் லாரன்ஸ். முகையூர்க்காரர், ரங்கநாதனோடு நெடுங்காலம் குதித்தவர், இப்போது விழுப்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அக்காலத்து வட்டக் குடையை நாம் நினைத்த பக்கம் திருப்ப முடியாது, காற்றின் தயவில்தான் இறங்க வேண்டும் என்று மேசைமேல் கைக்குட்டையை விரித்து விளக்கினார். கீழே வந்ததும் நின்றுகொண்டே இறங்க முயன்றால் கால் எலும்பு முறியுமாம். இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரை தொட்டதும் பக்கவாட்டில் உருள வேண்டுமாம். எண்பது வயதில் எழுந்து உருண்டு காட்டவும் முற்பட்டார், மகள் தடுத்துவிட்டார்.

நண்பருக்காக ஒரு கையொப்பம் இட்டிருக்கலாமே என்றேன். எனக்கே அக்கேள்வி பிடிக்கவில்லை. அவர் முகம் வாடியது.

“குடை விரிஞ்சதப் பாத்தேன், எறங்கினதப் பாக்கல. ரெண்டையும் பாத்தாத்தான் சைன் பண்ணணும், அதான் ரூல். அன்னியிலேர்ந்து அவன் என்கூடப் பேசல சார்.”

பனந்தோப்புக்கு அப்பால்

குறிப்பேட்டில் இருந்த கொல்லையைத் தேடிப் பனந்தோப்பைக் கடந்தேன். அது வேறு ஊர் எல்லை. பம்புசெட்டு அருகே மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஏழுமலை, எழுபதை நெருங்கியவர். நான் வந்த செய்தியைச் சொன்னதும், “அவரு செத்துட்டாரா? அப்ப சொல்லலாம்” என்று வரப்பில் அமர்ந்தார்.

“இதே மாதிரி புடுங்கற அன்னிக்கிதான் சார், அவரு வந்து எறங்கினாரு. துணியும் கயிறும் செடியெல்லாம் வாரி இழுத்துக்கினு போச்சி. வுடுவனா? மூணு சால் செடி புடுங்கிட்டுப் போய்யான்னு உக்கார வச்சிட்டேன். புடுங்கி முடிச்சிட்டு என் கையப் புடிச்சிக்கினு, ‘யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் பூடும்’னாரு. குடுத்த வாக்கு, நானும் சொல்லல.”

அங்கிருந்தே லாரன்சைக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்படி அழைத்து, ஏழுமலையிடம் கொடுத்தேன். நடுவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எந்தக் கால் மொதல்ல தரையில பட்டுது?”

“எந்தக் காலா? ரெண்டும் ஒட்டிக்கினுதான் பட்டுது. பட்டதும் ஒருபக்கமா உருண்டாரு பாரு, அதுலதான் பாதிச் செடி போச்சி!”

ஒரு பாராசூட் வீரர் இறங்கும் முறையை, ஒருவரும் கற்றுத்தராமல் அக்கொல்லைக்காரர் எப்படி அறிவார்? பின்னர் லாரன்சின் குரல் வந்தது:

“சார், அந்த புக்க எடுத்துக்கினு ஜல்தியா வாங்க.”

அச்சுக்குப் போகுமுன்

குடை விரிந்ததைத் தாமும் இறங்கியதை ஏழுமலையும் கண்டது போதும் என்று லாரன்ஸ் கையொப்பமிட்டார், ஆனால் எனக்கு வேறோர் இடர் எழுந்தது. சாட்சியை எழுதினால், இறந்தவர் வாழ்நாள் முழுவதும் மறைத்ததையும் எழுத வேண்டும். அவர் ஊராரின் கேலியைப் பொறுத்தாரே தவிர, மல்லாட்டை பிடுங்கியதை ஒப்புக்கொள்ளவில்லை. முடிவைச் சரோஜா அம்மாளிடமே விட்டேன். அவர் நூறாவது வரியைப் பலமுறை படித்தார்.

“போடுங்க சார். வானத்துலேர்ந்து குதிக்கிறதுக்குப் பயப்படல, இதச் சொல்லவா பயந்தாரு? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

பின்னர் நடந்தது

மலர் குறித்த நாளில் வெளிவந்தது. நூறு என்றே அச்சிட்டோம். மல்லாட்டைச் செய்தியும் நான்காம் பக்கத்தில் உள்ளது. லாரன்ஸ் திண்டிவனம் வரை வந்து படத்துக்கு மாலையிட்டார். தேநீர்க் கடைக்கு ஐந்து படிகள் அனுப்பினேன். அங்கே இப்போது, தாம் அன்றே நம்பியதாகப் பலரும் சொல்கிறார்களாம். ஏழுமலை தம் கொல்லையின் படம் சிறிதாக வந்துவிட்டது என்று வாரம் இருமுறை என்னை அழைக்கிறார்.

சாட்சியைத் தேடி அலைவதைவிட, கிடைத்த சாட்சியைச் சமாளிப்பதே இத்தொழிலில் பெரும்பாடு என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வார்களாக.